கை வழங்காத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடசாலை அதிபர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், ரியூசன் நடத்துகிற என் போன்றவர்களுக்கும் வணக்கம்.

ஆரம்பப் பிரிவில் 32 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு என்று பெயர்தான். இப்போதும் வீட்டு விறாந்தையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பதினொரு பேருக்குப் புலமைப்பரிசில் வகுப்பு எடுக்கிறேன். ஆகவே வெளியில் நின்று உங்களுக்குப் புத்தி சொல்ல வந்தவளாக என்னை நினைக்கவேண்டாம். பிள்ளைகளுக்கும் வருகிற பாரிசவாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்; இதிலே வரும் பெரிய பிழை நான் விட்டது.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டுத் திருத்தாத கொப்பிகளோடு இருந்தேன். என் மூத்த மகளின் மகனும் அந்த வகுப்பில்தான். வயது ஒன்பதரை. அவனுடைய கொப்பியை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். முதல் நாலு வரியும் அவனுடைய வழக்கமான உருண்டை எழுத்து. ஐந்தாவது வரி கோட்டை விட்டு இறங்கத் தொடங்குகிறது. ஆறாவது வரியில் எழுத்தே இல்லை, கீறல்தான்.

பேனை விழுந்தது. எடுத்தான். திரும்பவும் விழுந்தது. இரண்டாம் முறை இடக்கையால் எடுத்து, வலக்கை விரல்களுக்குள் ஒவ்வொன்றாகச் செருகினான். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துவிட்டு நான் சொன்னது இது: “என்ன பஞ்சியே உனக்கு? கோழி கிளறின மாதிரி எழுதிறாய்.” அவன் ஏதோ பதில் சொன்னான். வாய்க்குள் புட்டை வைத்துக்கொண்டு கதைப்பது போல இருந்தது. பழிப்புக் காட்டுகிறான் என்று நினைத்து எழும்பி நிற்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெட்டைப்பிள்ளைதான் சொன்னது, “ரீச்சர், இவன்ர வாய் ஒரு பக்கமாப் போகுது” என்று.

அப்போது மணி ஐந்துக்குக் கிட்ட. நாங்கள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தது மறுநாள் காலை பத்து மணிக்கு.

இடையில் போன பதினேழு மணித்தியாலத்தில் என்ன செய்தோம் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. முதலில் படுக்க வைத்தோம். களைப்பாக்கும் என்று சோடா உடைத்துக் கொடுத்தேன். வாயின் வலது ஓரத்தால் வழிந்தது. பிறகு அயலில் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்வை பார்த்துத் திருநீறு போட்டோம். மகள் வேலையால் வந்ததும் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு போனாள். அங்கே கூட்டம். பார்த்தவர், பரீட்சைப் பயமும் சாப்பாடு குறைவும் என்று சொல்லி விற்றமின் பாணி எழுதிக் கொடுத்தார். இரவு கைக்கும் காலுக்கும் எண்ணெய் தடவினோம். நித்திரை கொண்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். விடியக் கட்டிலால் இறங்கினவன் அப்படியே சரிந்து விழுந்தான். வலது காலும் வழங்கவில்லை.

பாரிசவாதம். ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்கிறோமே, அதுவேதான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் பிரஷரும் சீனியும் உள்ள, வேட்டி கட்டின ஒரு பெரியவர்தான் மனதில் வருவார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வராது. எனக்கும் வரவில்லை, அந்த மருத்துவ நிலையத்தில் இருந்தவருக்கும் வரவில்லை. பிள்ளைகளுக்கு அது வருவது குறைவுதான்: ஒரு இலட்சம் பிள்ளைகளை எடுத்தால் வருடத்துக்குச் சிலர். ஆனால் ‘குறைவு’ என்பதை நாங்கள் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டோம். மற்ற நாடுகளிலும் பிள்ளைகளின் பாரிசவாதத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாளுக்கு மேல் போவது வழக்கமாம். அதைக் கேட்டபோது கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் கோபம்.

ஆஸ்பத்திரியில் முதலில் எடுத்த ஸ்கானில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே, மூளையின் இடப்பக்கத்துக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய நாடி ஓரிடத்தில் ஒடுங்கி, அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பகுதி இரத்தம் கிடைக்காமல் செத்துப்போனது தெரிந்தது. அந்த டொக்டர் ஒரு துண்டில் குழாய் மாதிரி வரைந்து, நடுவில் கையால் நெரித்தது போல ஒரு கோடு போட்டுக் காட்டினார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

“பிள்ளைக்கு இந்த ஒரு வருசத்துக்குள்ள கொப்பளிப்பான் வந்ததோ அம்மா?”

வந்தது. கொப்பளிப்பான், அதாவது சின்னம்மை, பங்குனியில். அவனுடைய வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வந்தது, நாலாவது இவன். வாசலில் வேப்பிலை செருகினேன். அறையில் தனியே விட்டேன். வீட்டில் மச்சம் சமைக்கவில்லை. தண்ணீர் வார்த்த பிறகு, பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனிடம் போய்ப் பொங்கிவிட்டும் வந்தோம். அம்மாள் வருத்தம் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். வேப்பிலையிலும் பொங்கலிலும் ஒரு பிழையுமில்லை. தனியே விட்டதால் அவன் தம்பி தப்பினான் என்று டொக்டரே சொன்னார். நாலு மாதம் கழித்து வருகிற ஒன்றுக்கும் அந்தக் கொப்புளங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமற் போனது.

என் இளையவள் ரொறன்ரோவில் இருக்கிறாள். அன்றிரவே வட்ஸ்அப்பில் அழுதுகொண்டு கேட்டாள், பிறகு தேடித் தேடி அனுப்பினாள். அவளிருக்கும் ஊரிலேயே, எங்கள் சனம் எல்லாம் அறிந்த சிக்கிட்ஸ் சிறுவர் வைத்தியசாலையில், இதை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2001இல் வெளிவந்தது. பாரிசவாதம் வந்த 70 சின்னப் பிள்ளைகளைப் பார்த்ததில் 31 சதவீதமானோருக்கு அதற்கு முந்திய ஒரு வருடத்துக்குள் கொப்பளிப்பான் வந்திருந்தது. சுகமாக இருக்கும் பிள்ளைகளில் அது 9 சதவீதம். 2014இல் இங்கிலாந்துப் பதிவுகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு, கொப்பளிப்பான் வந்து முதல் ஆறு மாதத்தில் பிள்ளைகளுக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மற்றக் காலத்தைவிட ஏறக்குறைய நாலு மடங்கு என்று கண்டது. பங்குனியில் இருந்து ஆடி வரை எண்ணிப் பார்த்தேன். நாலு மாதம்.

அது எப்படி நடக்கிறது என்பதை டொக்டர் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். கொப்பளிப்பான் வைரஸ் தோல் ஆறியதும் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புத் திரட்டுகளுக்குள் போய் ஒளிந்து கிடக்கும். வயது போன பிறகு சிலருக்கு அக்கியாக வருவதும் அதே வைரஸ்தான். முகத்துக்குப் போகும் நரம்பின் திரட்டில் இருந்து மூளையின் நாடிகளுக்கும் மெல்லிய நரம்பிழைகள் போகின்றன. அந்த வழியால் வைரஸ் நாடியின் சுவருக்குப் போய்ச் சேர்ந்தால் சுவர் அழற்சியால் தடித்து, உள்வழி ஒடுங்குகிறது. ஒடுங்கின இடத்தில் இரத்தம் கட்டியாகிறது. இவ்வளவும் வெளியில் ஒன்றும் தெரியாமல் நடக்கலாம். பிள்ளை விளையாடித் திரியும், பள்ளிக்கூடம் போகும், கட்டுரை எழுதும்.

கொப்பளிப்பான் மட்டும்தான் என்றும் இல்லை. கலிபோர்னியாவில் ஹெதர் ஃபுல்லர்ட்டன் என்ற வைத்தியரின் தலைமையில் ஒன்பது நாடுகளில் பாரிசவாதம் வந்த 355 பிள்ளைகளையும், ஏறக்குறைய அதேயளவு மற்றப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். சாதாரண தடிமன், காய்ச்சல் போன்ற தொற்று வந்த ஒரு கிழமைக்குள் வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது. கிழமை கடந்ததும் அது தணிந்துவிடுகிறது. அதே ஆய்வில் இருந்து 2016இல் வந்த இன்னொரு கட்டுரை ஹெர்பிஸ் குடும்ப வைரசுகளைப் பற்றியது. கொப்பளிப்பானும் உதட்டோரக் கொப்புளமும் அந்தக் குடும்பந்தான். பாரிசவாதம் வந்த பிள்ளைகளின் இரத்தத்தில் 45 சதவீதமானோருக்கு அண்மைத் தொற்றின் தடயம் இருந்தது. மற்றவர்களில் 14 சதவீதம். தடயம் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வெளியில் ஒரு கொப்புளமும் இல்லை.

ஆறு மடங்கு என்று வாசித்ததும் உங்களில் சிலர் நாளைக்கே தடிமன் வந்த பிள்ளையை வகுப்புக்கு வெளியில் நிறுத்திவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். மிகச் சின்ன எண்ணை ஆறால் பெருக்கினாலும் சின்ன எண்தான் (நீங்களும் நானும் மூன்றாம் வகுப்பில் படிப்பிக்கிற கணக்கு). ஒரு பிள்ளைக்கு வருடத்தில் ஆறேழு தரம் தடிமன் வருவது சாதாரணம். அந்த இலட்சக்கணக்கான தடிமன்களில் ஒன்று, ஏற்கெனவே நாடியிலோ இரத்தத்திலோ ஒரு பலவீனம் உள்ள பிள்ளையில் வந்து சேரும்போது கடைசித் தள்ளாக அமைகிறது என்றுதான் வைத்தியர்கள் விளக்குகிறார்கள். பிறவி இருதய நோய், தலையிலோ கழுத்திலோ பட்ட அடி, மூளைக்காய்ச்சல், இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. என் பேரனுக்கும் இருதயத்தில் இருந்து இரத்தம் உறையும் தன்மை வரைக்கும் எல்லாம் சோதித்துப் பார்த்த பிறகுதான் கொப்பளிப்பானில் வந்து நின்றார்கள்.

சரி, இதிலே ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம், இரண்டு மணிக்கு ரியூசன், ஆறு மணிக்கு இன்னொரு ரியூசன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கை வழங்காமல் போனால் அதை முதலில் காணப்போவது தாய் இல்லை, நாங்கள்தான். எழுத்து மாறுவதைக் காண்பதற்கு எங்களைவிட யார் இருக்கிறார்கள்? ஆனால் பஞ்சி, கள்ளம், பழிப்பு, பரீட்சைப் பயம் என்று பெயர் வைப்பதிலும் நாங்கள்தான் கெட்டிக்காரர்.

கவனிக்கவேண்டிய அறிகுறிகள் இவை: திடீரென்று ஒரு பக்கக் கையோ காலோ வழங்காமல் போவது, முகம் ஒரு பக்கம் இழுப்பது, பேச்சுக் குழறுவது அல்லது சொல்வது விளங்காமல் விழிப்பது, திடீரென்று நடை தள்ளாடுவது, என்றுமில்லாத கடும் தலையிடியோடு சத்தி. சின்னப் பிள்ளைகளில் வலிப்பாகவும் தொடங்கும். வலிப்பு நின்ற பிறகு ஒரு பக்கம் சோர்ந்து கிடந்தால் அது வலிப்பின் களைப்பு என்று நீங்கள் தீர்மானிக்கவேண்டாம். பத்து நிமிடத்தில் கை திரும்ப வழங்கினாலும் விடவேண்டாம், அது பெரியதற்கு முந்திய எச்சரிக்கையாக இருக்கலாம். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள், தன் பெயரையும் வகுப்பையும் சொல்லச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. அந்தப் பெட்டைப்பிள்ளை சொன்னபோது இதை நான் செய்திருந்தால் ஐந்து மணிக்கே விளங்கியிருக்கும்.

பிறகு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018இல் இருந்து வடக்கிலும் இருக்கிறது, காசு இல்லை. “பிள்ளைக்கு ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு” என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். ‘தலைசுத்து’, ‘மயக்கம்’ என்று மென்மையாகச் சொன்னால் கேட்கிறவருக்கும் மென்மையாகத்தான் விளங்கும். பெற்றோரை நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள்; அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அலுவலகத்துக் கதிரையில் இருத்தி வைக்கவேண்டாம். வாய்க்குள் ஒன்றும் கொடுக்கவேண்டாம். விழுங்கும் தசையும் சோர்ந்திருக்கலாம், சோடா புரையேறி நெஞ்சுக்குப் போனால் அது வேறு வில்லங்கம். அப்புறம், மணியைப் பார்த்து எழுதி வையுங்கள். கடைசியாக நல்லாக இருந்தது எத்தனை மணிக்கு என்றுதான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றுகிற, கட்டி கரைக்கும் மருந்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதில்லை. ஆனாலும் நேரத்துக்குப் போனால் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைத்து, மிச்ச மூளையைக் காப்பாற்றவும் இரண்டாவது தரம் வராமல் தடுக்கவும் முடியும்.

இன்னொரு சின்ன வேலை. கொப்பளிப்பான் வந்து திரும்புகிற பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில், வரவு இடாப்பில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஆறு மாதத்துக்கு. அதை வகுப்பில் சொல்லவேண்டாம், தாய்க்கும் பயம் காட்டவேண்டாம். அந்தப் புள்ளி உங்கள் கண்ணுக்கு மட்டும். என்றாவது அந்தப் பிள்ளையின் பேனை விழுந்தால், “பஞ்சியே?” என்று வாய் திறக்குமுன் கண் அந்தப் புள்ளிக்குப் போகும். ஆஸ்பத்திரியில் சொல்லவும் உதவும். கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

தடுப்பூசியைப் பற்றியும் சொல்லவேண்டும். கொப்பளிப்பானுக்கு ஊசி இருக்கிறது; ஆனால் எங்கள் தேசிய நிகழ்ச்சி நிரலில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துப் போடவேண்டும். வசதியுள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுப் போடலாம். வசதியில்லாத பிள்ளைக்கும் அது கிடைக்கவேண்டும் என்று சுகாதார அமைச்சைக் கேட்பது எங்கள் ஆசிரியர் சங்கங்களின் வேலையாகவும் இருக்கலாம், சம்பளக் கோரிக்கைக்கு அடுத்ததாக என்றாலும். நிகழ்ச்சி நிரலில் உள்ள ஊசிகளோ எல்லாம் இலவசம். நான் மேலே சொன்ன 2015 ஆய்விலேயே, வழக்கமான ஊசிகளை ஒழுங்காகப் போடாத பிள்ளைகளுக்குப் பாரிசவாத வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு என்று வந்திருக்கிறது. ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசியைத் தவறவிட்ட பிள்ளைகள் உங்கள் முதலாம் வகுப்பில் இருக்கலாம். சேர்க்கும்போது வாங்கிப் பார்க்கிற சுகாதாரப் பதிவேட்டில் பிறந்த திகதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். விடுபட்டிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு வார்த்தை.

கொப்பளிப்பான் வந்த பிள்ளைக்குக் காய்ச்சலுக்கென்று வீட்டில் டிஸ்பிரின் (அஸ்பிரின்) கொடுக்கக்கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒரு ஆபத்து அதிலே இருக்கிறது. பரசிட்டமோல் போதும். வேடிக்கை என்னவென்றால், என் பேரன் இப்போது தினமும் எடுக்கிற மருந்து அதே அஸ்பிரின்தான், சின்ன அளவில். “பிள்ளைக்கு அஸ்பிரினோ?” என்று நான் டொக்டரோடு வாக்குவாதப்பட்டேன். நாடியில் திரும்பக் கட்டி வராமல் இருக்க வைத்தியர் கண்காணித்துக் கொடுப்பது வேறு, காய்ச்சலுக்கு நாங்கள் கரைத்துக் கொடுப்பது வேறு என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். காய்ச்சல் வந்தால், அல்லது வகுப்பில் யாருக்காவது கொப்பளிப்பான் வந்தால் உடனே தங்களிடம் சொல்லும்படியும் எழுதித் தந்தார்கள். அந்தக் கடதாசியின் பிரதி அவன் வகுப்பாசிரியையிடம் இருக்கிறது. அவ அதை இடாப்பின் மட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கிறா.

திரும்பி வந்த பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் எனக்கு இப்போது பெரிய கேள்வி. பிள்ளைகளின் மூளை இளசு, எல்லாம் சரியாகிவிடும் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நடக்கிறான்தான். ஓடும்போது வலது கால் விரல் நிலத்தில் உரசும், அதனால் சப்பாத்தின் நுனி மூன்று மாதத்தில் தேய்ந்துவிடுகிறது. பேச்சு வந்துவிட்டது, அவசரப்பட்டால் சொல் தேடுகிறான். ஆனால் பாரிசவாதம் வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு குறை தங்கிவிடுகிறது. அதிலே பல, வெளியில் தெரியாத குறைகள்: சீக்கிரம் களைப்பது, கவனம் சிதறுவது, முன்பு படித்த வாய்ப்பாடு மறப்பது, காரணமில்லாமல் கோபம். இதற்கெல்லாம் வகுப்பில் நாங்கள் வைக்கிற பெயர் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அவன் வகுப்பில் இரண்டு பொடியள் அவனைப் போலக் காலை இழுத்து நடந்து காட்டினார்களாம். அந்த ஆசிரியை தண்டிக்கவில்லை. மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய், இடக்கையால் ஒரு பக்கம் எழுதச் சொன்னா. தானும் எழுதினா. எல்லாருடையதும் கோழி கிளறின மாதிரித்தான் இருந்ததாம்.

இவன் இடக்கைக்கு மாறிவிட்டான். ஒரு பக்கம் எழுத மற்றப் பிள்ளையின் இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திக்கு மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு. ஆனால் அதைப் பாடசாலைதான் முன்கூட்டியே, வைத்திய அறிக்கையோடு செய்யவேண்டும். பரீட்சை மண்டபத்து வாசலில் நின்று கேட்க முடியாது. என்னிடம் 32 வருடத்தில் படித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் நான் அந்தப் படிவம் நிரப்பியதில்லை. தேவையான பிள்ளை இருக்கவில்லையா, நான் காணவில்லையா என்று இப்போது யோசிக்கிறேன்.

அடுத்த தவணைத் தொடக்கத்தில் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தரமுடியுமா என்று இரண்டு பாடசாலை அதிபர்களைக் கேட்டிருக்கிறேன். ஒருவர் சரி சொல்லிவிட்டார். ஒரு டொக்டரும் வர உடன்பட்டிருக்கிறார். நான் அந்தக் கொப்பியைக் கொண்டு போகிறேன், ஐந்தாவது வரியை எல்லாரும் பார்க்கட்டும். மற்றப் பாடசாலைகளும் கேட்டால் பஸ் ஓடுகிற இடமெல்லாம் வருவேன், செவ்வாய் பின்னேரம் தவிர. அன்றைக்கு அவனுக்குப் பயிற்சி கிளினிக், நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, அம்மம்மா
தென்மராட்சி, யாழ்ப்பாணம்